மாகாணங்களிடை ஹர்லிங் வாகை: சொல் விளக்கம்

அயர்லாந்தின் லென்ஸ்டர், மன்ஸ்டர், கானாக்ட், அல்ஸ்டர் ஆகிய நான்கு மாகாணங்களும் தத்தம் தேர்ந்த ஆட்டக்காரர்களைத் திரட்டி, மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஐரிஷ் ஆட்டமான ஹர்லிங்கில் மோதிய போட்டி இது. 1927-இல் தொடங்கியது. கிரேட் சதர்ன் ரயில்வேஸ் நிறுவனம் கோப்பையைக் கொடுத்ததால் மக்கள் வாயில் 'ரயில்வே கோப்பை' என்ற பெயர்தான் நிலைத்தது.

இதன் ஆங்கிலப் பெயர் 'இன்டர்புரோவின்ஷியல் ஹர்லிங் சாம்பியன்ஷிப்'. அதைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று சொல் சொல்லாகப் பார்ப்போம். முதலில் ஹர்லிங். 'ஹர்ல்' என்றால் ஆங்கிலத்தில் வீசி எறிதல். அதை நம்பி 'எறிபந்து' என்று எழுதிவிடக் கூடாது. அந்தப் பெயரில் நம் பள்ளிகளில் வேறோர் ஆட்டம் உண்டு. போதாக்குறைக்கு, ஹர்லிங்கில் பந்தைக் கையால் எறிவதே விதிமீறல். மட்டையால் அடிக்கலாம், காலால் உதைக்கலாம், உள்ளங்கையால் தட்டலாம். ஐரிஷ் மொழியில் இதன் பெயர் 'இமானீக்ட்'. இதன் வேர்ச்சொல்லுக்கு விரட்டி ஓட்டுதல் என்று பொருள். மாடு ஓட்டுவதற்கும் அதே சொல்தான். ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

மட்டைக்கு 'கமான்' என்று பெயர். ஆஷ் மரத்தில் செய்வார்கள். 'கம்' என்றால் வளைந்தது. எனவே நேர் தமிழ் 'வளைதடி'. பெண்கள் ஆடும் வடிவமான 'கமோகி'யும் இதே வேரில் பிறந்ததுதான். சிக்கல் என்னவென்றால் வளைதடிப் பந்தாட்டம் என்ற பெயரை ஹாக்கிக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம். இன்னொரு பெயரை வலிந்து உருவாக்குவதைவிட ஹர்லிங் என்றே எழுதுவது மேல் என்பது என் கட்சி. கபடியை உலகம் கபடி என்றுதானே சொல்கிறது?

'சாம்பியன்ஷிப்' அப்படியல்ல, அதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. சாம்பியனின் மூலம் லத்தீன் 'காம்பஸ்', அதாவது வெட்டவெளி, களம். களத்தில் இறங்கிப் பொருதுபவன் சாம்பியன். ஐரிஷ்காரர்கள் சாம்பியன் பட்டத்துக்குச் சொல்வது 'கிரீவ்'. அதன் அடிப்படைப் பொருள் மரக்கிளை! தமிழில் வென்றவன் சூடியது வாகைப்பூ. தொல்காப்பியம் வாகை என்று ஒரு திணையே வகுத்திருக்கிறது. கிளைக்குப் பூ சரியான ஈடு. ஆகவே 'வாகைப் போட்டி', சுருக்கமாக 'வாகை'.

அடுத்தது மாகாணம். தமிழ்நாட்டு நாளிதழ் வழக்கப்படி 'மாநிலங்களுக்கிடையிலான' என்று எழுதினால் பொருள் பிசகும். அயர்லாந்தின் மாகாணங்களுக்குத் தனி அரசு கிடையாது. அவை பழைய நாட்டுப் பிரிவுகள். அன்றாட நிர்வாகமும் ஊர்ப்பற்றும் மாகாணத்துக்குள் அடங்கும் சிறு பிரிவான கவுன்ட்டியைச் சுற்றியே இயங்குகின்றன. கானாக்டின் ஹர்லிங் பலம் பெரும்பாலும் கால்வே என்ற ஒரே கவுன்ட்டியில்தான். 1947-இல் அந்த மாகாணம் முதன்முறையாகக் கோப்பையை வென்றது. அல்ஸ்டர் ஹர்லிங்கில் ஒருமுறைகூட வென்றதில்லை. மாகாணத்துக்கு ஐரிஷ் சொல் 'கூய்கெ'. 'கூய்க்' என்றால் ஐந்து. கூய்கெ ஐந்தில் ஒரு பங்கு. இன்று நான்கே இருந்தும் ஒவ்வொன்றுக்கும் பெயர் ஐந்திலொன்று! மறைந்த அந்த ஐந்தாவது, மீத்.

ஓர் ஆண்டின் போட்டிகளைச் சேர்த்துச் சொல்லும் 'சீசன்' என்ற சொல்லைப் பருவம் என்று பெயர்ப்பது பொதுவாகச் சரி. லத்தீனில் அது விதைத்தலைக் குறித்த சொல். நாமும் பருவம் பார்த்துத்தான் விதைக்கிறோம். ஆனால் நான்கு அணிகள் மோதும் இப்போட்டி வழக்கமாக இரண்டு அரையிறுதியும் ஓர் இறுதியுமாக முடிந்துவந்தது. அதற்குப் பருவம் கனமான சொல். '1954-ஆம் ஆண்டுப் போட்டி' என்றால் போதும். அந்த ஆண்டு இறுதியாட்ட நாளில் டப்ளின் குரோக் பார்க் விளையாட்டரங்கில் 49,000-க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். அப்போதெல்லாம் மார்ச் 17, புனித பேட்ரிக் நாள் என்றாலே ரயில்வே கோப்பைதான். மன்ஸ்டர் அணிக்காக கார்க் கவுன்ட்டி வீரர் கிறிஸ்டி ரிங் 18 பதக்கங்கள் வாங்கியதும் இப்போட்டியில்தான். பின்னாளில் அந்த நாளைக் கிளப் இறுதியாட்டங்கள் எடுத்துக்கொண்டன, கூட்டம் கரைந்தது. 2003 இறுதியாட்டத்தை ரோம் நகரில்கூட நடத்திப் பார்த்தார்கள்.

கோப்பையைப் பற்றி ஒரு சொல். ஐரிஷில் அது 'கார்ன்'. கொம்பில் செய்த குடிகலம் என்பதே பழம்பொருள். (கொம்புக்கும் கார்னுக்கும் ஓசை நெருங்குகிறதே என்று உறவு கொண்டாட வேண்டாம்.) நம் 'கோப்பை' போர்த்துகீசியர் வழி வந்தது. இலங்கையில் உலகக் கிண்ணம் என்பதுபோல 'ரயில்வே கிண்ணம்' என்று எழுதினாலும் குறையில்லை.