செயலி நிறுவனத்தின் மேல் புகார் கொடுக்கப் போகிறீர்களா?

சிங்கப்பூர் தேக்காவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கட்டுக் காகிதத்தோடு வந்தார். உணவு விநியோகச் செயலி ஒன்று கமிஷனை ஏற்றிவிட்டது. வேறு செயலியில் சேரக்கூடாது என்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதற்குள் அவர் மூன்று இடங்களில் ஏறி இறங்கியிருந்தார். எல்லாரும் அடுத்த கதவைக் காட்டினார்கள்.

அவர் முதலில் போனது பயனீட்டாளர் சங்கத்துக்கு. அது வாங்குபவர்களுக்கானது, கடைக்காரருக்கு அல்ல. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான பணத் தகராறைப் பார்க்கும். கமிஷன் விகிதம் நியாயமா என்று பார்க்காது. சரியான கதவு, ‘போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம்’ என்ற அரசு அமைப்பு. இணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

அங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘எனக்கு நட்டம்’ என்று மட்டும் எழுதினால் புகார் நகராது. ஆணையம் உங்கள் பணத்தை வாங்கித் தராது. சந்தையில் போட்டி கெட்டதா என்றுதான் பார்க்கும். ஒப்பந்தத்தைக் ‘கூட்டுச் சதி’ என்று சொல்லி, போட்டியைக் கெடுக்கும் கூட்டு ஒப்பந்தங்களைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தின் 34ஆம் பிரிவை இழுப்பதும் வீண். கடையும் செயலியும் ஒரே தொழிலில் போட்டி போடுபவர்கள் இல்லை. ஒருவர் சேவை தருகிறார், ஒருவர் வாங்குகிறார். அந்த மாதிரி ஒப்பந்தங்களை 34ஆம் பிரிவு விட்டுவிடும். உங்களுக்கு உள்ளது 47ஆம் பிரிவு: சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துதல். ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு மேல் சந்தைப் பங்கு இருந்தால் ஆதிக்கம் இருக்கலாம் என்பது ஆணையத்தின் கணக்கு. ஆனால் பெரிய நிறுவனமாக இருப்பதே குற்றமில்லை. கமிஷன் அதிகம் என்பதைவிட, ‘வேறு செயலிக்குப் போகாதே’ என்ற வரிதான் கனமான ஆதாரம். அதை முதல் பத்தியிலேயே வையுங்கள்.

நிறுவனங்கள் இணைவது வேறு கதை. போட்டியைக் கணிசமாகக் குறைக்கும் இணைப்பு 54ஆம் பிரிவின்படி தடை. ஆனால் முன்கூட்டியே தெரிவிப்பது கட்டாயமில்லை! நிறுவனங்கள் தாமாக விரும்பித் தெரிவித்தால்தான் உண்டு. 2018 மார்ச் 26 அன்று வாடகைக் கார் செயலி நிறுவனமான ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைப் போட்டி நிறுவனமான கிராப்புக்கு விற்றது. ஆணையம் தீர்ப்புச் சொன்னது செப்டம்பர் 24. அபராதம் இருவருக்கும் சேர்த்து 1 கோடியே 30 லட்சம் வெள்ளி. அதற்குள் கட்டணம் 10 முதல் 15 விழுக்காடு ஏறிவிட்டது என்று ஆணையமே சொன்னது. அபராதம் ஓட்டுநர் கைக்கோ பயணி கைக்கோ வராது. தனியாக வழக்குப் போடலாம்தான், ஆனால் விதிமீறல் உறுதியாகி, மேல்முறையீடெல்லாம் முடிந்த பிறகு. அதற்கும் இரண்டு ஆண்டுக் கெடு.

முன்கூட்டியே தெரிந்தால் நிலைமை மாறுகிறது. டிரான்ஸ்கேப் என்ற டாக்சி நிறுவனத்தைக் கிராப் வாங்குவது போட்டியைக் குறைக்கும் என்று 2024 ஜூலையில் ஆணையம் தற்காலிகமாக முடிவு சொன்னது. அதே மாதம் கிராப் பின்வாங்கியது. இணைப்பு பற்றிய பொதுக் கருத்துக்கேட்பு வந்தால் தவறவிடாதீர்கள். அவகாசம் குறைவு. செய்தித்தாளில் வரட்டும் என்று இருந்தால் முடிந்தே போயிருக்கும்.

அப்புறம் ஒரு பெரிய அபாயம். கோபத்தில் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில், ‘எல்லாரும் செயலியில் உணவு விலையை ஒரே அளவு ஏற்றுவோம்’ என்று பேசாதீர்கள். விலையைக் கூடி நிர்ணயிப்பது 34ஆம் பிரிவில் நேரடியாக மாட்டும், கடை சிறியதென்றாலும். விரைவுப் பேருந்து நிறுவனங்கள் 16க்கும் அவற்றின் சங்கத்துக்கும் 2009இல் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளி அபராதம் விழுந்தது. குழுவில் உள்ள செய்திகளே உங்களுக்கு எதிரான சாட்சி.

அண்ணனின் புகாரைத் திருத்தி எழுத ஒரு மாலை போதுமாக இருந்தது. பழைய கமிஷன் பக்கத்தை மட்டும் அவர் படம் பிடித்து வைத்திருக்கவில்லை. செயலியில் இப்போது புதியது மட்டுமே இருக்கிறது. ஒப்பந்தம், மின்னஞ்சல், மாதக் கணக்கு, எல்லாவற்றையும் இன்றே தேதியோடு எடுத்து வையுங்கள்.