கேஸ் மாத்திரை எத்தனை நாளைக்கு?

போன வாரம் ஒரு அம்மா தன் மஞ்சள் பையை என் மேஜைமேல் கவிழ்த்தார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஒன்று, நடுவில் பாண்டோபிரசோல் 40 மில்லிகிராம் அட்டைகள் ஒன்பது. பாதம் மரத்துப்போகிறது, நடக்கும்போது செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை என்று வந்திருந்தார். பரிசோதித்ததில், நரம்புகளுக்குத் தேவையான வைட்டமின் பி12 மிகக் குறைவு.

“இதை எத்தனை வருஷமா போடுறீங்கம்மா?”

“அது வெறும் கேஸ் மாத்திரைதானே டாக்டரம்மா. பித்தப்பை ஆபரேஷன் அப்போ கொடுத்தாங்க. ஆறு வருஷம் இருக்கும்.”

பழைய சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். பத்து நாள் என்றுதான் எழுதியிருந்தது. மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும், பழி முழுவதையும் ஒரே மாத்திரைமேல் போட மாட்டேன். ஆனால் இரண்டும் சேர்ந்து ஆறு வருஷம் என்றால்? இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

அந்த ‘கேஸ்’ என்ற பெயர்தான் எனக்கு ஆத்திரம். பாண்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் எதுவுமே வாயுவைக் குறைப்பதில்லை. இரைப்பையில் அமிலம் சுரப்பதை அடக்குகின்றன, அவ்வளவுதான். அவசர அவசரமாகச் சாப்பிட்டு வரும் ஏப்பத்துக்கும், மொச்சைச் சுண்டலால் வரும் உப்புசத்துக்கும் இவற்றைப் போட்டுப் பயனில்லை.

அடுத்த தவறு, எரியும்போது போடுவது. பிரியாணி சாப்பிட்டு நெஞ்சு எரிந்ததும் ஒன்று, அரை மணி நேரத்தில் ‘கேட்கவில்லை’ என்று இன்னொன்று. தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். இது உடனே எரிச்சலைத் தணிக்கும் மருந்து அல்ல. சாப்பாடு உள்ளே போனதும் அமிலச் சுரப்பிகள் வேலையைத் தொடங்கும். அப்படி வேலை செய்துகொண்டிருப்பவற்றைத்தான் இந்த மருந்து பிடித்து நிறுத்தும். அதனால் அது முன்கூட்டியே ரத்தத்தில் இருக்க வேண்டும். காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, தண்ணீரோடு, முழுதாக விழுங்க வேண்டும். மெல்லாதீர்கள், பொடிக்காதீர்கள், மேல்பூச்சு உடைந்தால் வயிற்று அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். அதுவரை எரிச்சலுக்கு ஆன்டாசிட் சிரப் போதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

அளவு என்ன? சாதாரண அமிலப் பின்னோட்டத்துக்கு (இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுவது) ஒமிபிரசோல் 20 மில்லிகிராம் அல்லது பாண்டோபிரசோல் 40 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, 4 முதல் 8 வாரம். வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக்கோடு நாளுக்கு இரண்டு வேளை, பெரும்பாலும் 14 நாள். அப்புறம் நிறுத்துவதா, குறைப்பதா என்று திரும்ப வந்து கேட்க வேண்டும். வருவதில்லையே! பழைய அட்டையைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. சளிக்கும் காய்ச்சலுக்கும்கூடச் சீட்டின் கடைசி வரியில் இதைச் சேர்த்து எழுதும் பழக்கம் நம் மருத்துவர்களிடம் வேரூன்றிவிட்டது. வருஷக்கணக்கில் போனால் பி12 மட்டுமல்ல, மெக்னீசியமும் குறையலாம், எலும்பு முறியும் வாய்ப்பும் கூடலாம்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே தூக்கி எறியாதீர்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறவர்கள், தினமும் வலி மாத்திரை போட வேண்டிய முதியவர்கள், வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள் போன்றோருக்கு இது பாதுகாப்பு. (குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்களுக்கு ஒமிபிரசோல், எசோமிபிரசோல் இரண்டும் வேண்டாம்.) மற்றவர்களும் பல மாதம் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகப் பொங்கும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். மருத்துவரைக் கேட்டு அளவைப் பாதியாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, மெல்லக் குறையுங்கள்.

விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, தார் போலக் கறுத்த மலம், இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையோடு காத்திருக்க வேண்டாம், எண்டோஸ்கோபி (குழாய் கேமராவை வாய்வழியே விட்டு வயிற்றைப் பார்ப்பது) தேவைப்படும். நெஞ்செரிச்சலோடு வியர்த்துக் கொட்டினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ, ‘கேஸ்தான்’ என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், முதலில் ஈசிஜி எடுங்கள்.