பெரிய டயருக்கு ஏற்ற கிரவுன்-பினியன்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் பாறைச் சரிவுகளில் ஓட்டுவதற்காக ஜீப் ரேங்ளர் ரூபிகான் வாங்குபவர்களில் பலர் முதலில் மாற்றுவது டயரைத்தான். 2007 முதல் 2011 வரை 3.8 லிட்டர் எஞ்சினுடன் வந்த வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் டயர் விட்டம் ஏறத்தாழ 32 அங்குலம். அந்த இடத்தில் 37 அங்குல டயரை மாட்டினால் சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் தரையிலிருந்து இரண்டரை அங்குலம் கூடுதலாக உயரும். பாறையில் இது பெரிய லாபம். அதற்கான விலையை எஞ்சின் நெடுஞ்சாலையில் கொடுக்கிறது.

கியர்பெட்டியிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்; அது சுழற்றும் சிறிய பல்சக்கரம் பினியன்; பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன் வீல். இந்த வண்டியின் பினியனில் 10 பற்களும் கிரவுன் வீலில் 41 பற்களும் இருப்பதால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.10 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும்; இந்த 4.10 தான் ஆக்சிலின் கியர் விகிதம். பழைய டயர் ஒரு சுற்றில் சுமார் 2.56 மீட்டர் ஓடும்; புதியது 2.95 மீட்டர் ஓடும். ஆகவே அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகவே சுழல்கிறது. டயரின் ஆரம் கூடிவிட்டதால், அதே முறுக்குவிசை தரையில் தரும் தள்ளுவிசையும் ஏறத்தாழ 13 சதவீதம் குறைகிறது. நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியின் கடைசி கியரில் (விகிதம் 0.69) மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது நிமிடத்துக்கு 1,840 சுற்றுகளாக இருந்த எஞ்சின் வேகம் 1,600 ஆக இறங்குகிறது. உச்ச முறுக்குவிசையை 4,000 சுற்றில் தரும் எஞ்சினுக்கு இது மிகவும் தாழ்வு. சிறிய மேடு வந்தாலும் கியர்பெட்டி மூன்றாவது கியருக்கு இறங்கும், சமதளத்தில் மீண்டும் ஏறும், அடுத்த மேட்டில் மறுபடியும் இறங்கும். இதனால் அதன் எண்ணெய் சூடாகிறது.

இழந்ததை மீட்கும் கணக்கு எளியது: 4.10 ஐ 37 ஆல் பெருக்கி 32 ஆல் வகுத்தால் 4.74 வரும். கடையில் கிடைக்கும் கிரவுன்-பினியன் ஜோடிகளின் விகிதங்கள் 4.56, 4.88, 5.13 ஆகியவை. பலர் 4.88 உடன் நிறுத்திவிடுகிறார்கள். அதில் எஞ்சின் வேகம் 1,900 சுற்றாகிப் பழைய நிலை திரும்பிவிடும். ஆனால் இந்தக் கணக்கு விட்டத்தை மட்டுமே பார்க்கிறது. பெரிய டயரின் கூடுதல் எடை மையத்திலிருந்து தள்ளியே இருப்பதால் அதைச் சுழற்றத் தொடங்கவும் நிறுத்தவும் கூடுதல் ஆற்றல் வேண்டும். வண்டி உயர்ந்ததால் காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. இழுக்கும் திறன் குறைந்த இந்த 3.8 லிட்டர் எஞ்சினுக்கு 2,000 சுற்றைத் தரும் 5.13 தான் பொருத்தம் என்பது என் கருத்து. 2012இல் வந்த 3.6 லிட்டர் எஞ்சினுக்கு 4.88 போதும். டயரில் அச்சிட்ட அளவும் உண்மையான அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதால், தயாரிப்பாளர் தரும் 'மைலுக்கு எத்தனை சுற்று' என்ற எண்ணைக் கொண்டு கணக்கிடுவதே நம்பகமானது.

விகிதத்தை விருப்பம்போல் உயர்த்திக்கொண்டே போகவும் முடியாது. 5.13 என்பது 41க்கு 8 பற்கள். பற்கள் குறையக் குறையப் பினியன் சிறுத்து, சுமையைப் பகிரும் பற்களும் குறைவதால், பாறையிடுக்கில் டயர் சிக்கும்போது பல் உடையும் வாய்ப்பு கூடுகிறது. மேலும், பினியன் அச்சின் இடம் மாறாதது. எனவே சிறுத்த பினியனை எட்டக் கிரவுன்தான் நெருங்கி வரவேண்டும். பழைய டானா 44 வகை ஆக்சிலில், கிரவுனைத் தாங்கும் கூடான கேரியர், 3.73 விகிதம் வரை ஒன்றும் 3.92 முதல் வேறொன்றும் பயன்படுவது இதனால்தான்.

முன், பின் ஆக்சில்கள் இரண்டிலும் ஒரே விகிதம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கர இயக்கத்தில் அவை ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். இருந்தாலும் ரூபிகானின் முன் ஆக்சிலில் பினியன் உயரத்தில் அமைந்து, பற்கள் எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால், பின் ஆக்சிலுக்கான ஜோடி அங்கே பொருந்தாது.

கிரவுன் மையத்திலிருந்து பினியன் விலகியிருக்கும் இந்த ஹைபாய்டு அமைப்பில் பற்கள் உருள்வதோடு சறுக்கவும் செய்வதால், அவற்றைப் பொருத்துவதில் துல்லியம் வேண்டும். பல்லிடை இடைவெளி பொதுவாக 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கலாம். பினியனின் ஆழத்தை மெல்லிய ஷிம் தகடுகளால் சரிசெய்து, பற்களில் மஞ்சள் பசை பூசிச் சுழற்றி, தொடும் தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். தடம் ஓரத்தில் விழுந்தால் கியர் ஓலமிடும், சீக்கிரம் தேயும். புதிய ஜோடியைச் சுமையில்லாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிட்டு, மீண்டும் ஓட்டி, சுமார் 800 கி.மீ. கடந்ததும் எண்ணெயை மாற்றுவது வழக்கம். வண்டியின் கணினியிலும் புதிய டயர் அளவையும் கியர் விகிதத்தையும் பதிவுசெய்ய வேண்டும். அப்போதுதான் வேகமானி சரியாகக் காட்டும், கியர்பெட்டியும் உரிய நேரத்தில் கியர் மாற்றும்.