பிரதிநிதித்துவம்: படத்துக்குப் பொருந்துமா?

கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் பிள்ளைகள் ஒரு கடற்கொள்ளையர் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2012இல் ஆர்ட்மன் நிறுவனம் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த படம். "மாமா, இதில ரெப்ரசென்டேஷன் பிழையாம். அதுக்குத் தமிழில என்ன?" என்றான் மருமகன். பிரதிநிதித்துவம் என்றேன். "அது எலெக்‌ஷன்ல வாற சொல்லெல்லோ!"

நியாயமான கேள்விதான். வடமொழியில் 'பிரதி' என்றால் ஈடாக. 'நிதி' வைத்தல் என்ற வேரிலிருந்து வந்தது. ஒருவருக்கு ஈடாக வைக்கப்பட்டவர் பிரதிநிதி. (புதையலைக் குறிக்கும் நிதிக்கும் இதே வேர்தான், கொள்ளையர் தேடி அலைவதும் அதைத்தானே!) கொழும்பில் இது பழகிய சொல். 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் தமிழருக்கு ஒரேயோர் இடம், அதுவும் ஆளுநரின் நியமனம். 1947 முதல் 1972 வரை காலிமுகத்திடலில் கூடிய நாடாளுமன்றக் கீழவையின் பெயரே பிரதிநிதிகள் சபை. 1978 அரசியலமைப்போடு விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தது.

ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்கோ 'மறுபடி கண்முன் கொண்டுவருதல்' என்று பொருள். ஒருவருக்காக நிற்பது, ஒருவரைக் காட்டுவது இரண்டும் அதில் அடங்கும். நம் பிரதிநிதித்துவம் முதலாவதை மட்டும்தான் செய்யும். காட்டுவதற்குச் சித்திரிப்பு என்ற சொல் இருக்கிறது.

அந்தப் படத்தின் முன்னோட்டத்தில் தொழுநோயாளர் கப்பல் ஒன்று வந்தது. ஒருவருடைய கை கழன்று விழும், அதுதான் பகிடி. தொழுநோயாளருக்காக உழைக்கும் அமைப்புகள் எதிர்த்ததும், ஆர்ட்மன் அதைக் கொள்ளைநோய்க் கப்பலாக மாற்றியது. (கொள்ளையர் படத்துக்குக் கொள்ளைநோய், தமிழில் தற்செயலாகப் பொருந்திவிட்டது.) கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையை அறிந்தவர்களுக்கு அந்தப் பகிடி எப்படி இருந்திருக்கும்? எதிர்த்தவர்கள் யாரும் சபையில் ஆசனம் கேட்கவில்லை. தொழுநோயாளரைக் காட்டிய விதம்தான் பிரச்சினை.

தனித்தமிழில் சார்பாண்மை என்று எழுதுவோர் உண்டு. பிரதிநிதிக்குப் பேராளர் என்ற சொல் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதைப் பேராண்மை என்று நீட்டினால் குறள் சொல்லும் வீரமாகிவிடும். படத்தில் ஒரு கூட்டத்தார் தலையே காட்டவில்லை என்ற குறைக்கு, சும்மா 'இடம்' என்றாலே போதும்.

அந்தக் கொள்ளையர் கூட்டத்தில் தாடி ஒட்டிய பெண் ஒருத்தி இருக்கிறாள். பெயர்கூடக் கிடையாது, உடல்வாகைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.

"அப்ப இடம் இருக்கு, சித்திரிப்புத்தான் பிழை எண்டு எழுதட்டா?" என்றான் மருமகன். எழுது என்றேன்.