பைரசி: கடற்கொள்ளையிலிருந்து கள்ளப்பிரதி வரை

பைரசியின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. ‘முயன்று பார்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது ‘பெய்ராடேஸ்’. அடுத்தவன் கப்பலில் ஏறி, கிடைத்தவரை லாபம் என்று ஒரு கை பார்ப்பவன். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன இந்தச் சொல் 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் கரையேறியது. அடுத்தவர் நூலை அனுமதியில்லாமல் அச்சடித்து விற்றவர்களை அங்கே இப்படித்தான் வைதார்கள். அப்புறம் இசைத்தட்டு, சினிமா, வீடியோ கேம் எல்லாவற்றுக்கும் அதே வசவு.

தமிழில் என்ன சொல்வது? கடற்கொள்ளை கடலுக்குத்தான் சரி. ‘திருட்டு விசிடி’ மக்கள் வாயில் வேரூன்றிய சொல். 2004-இல் தமிழகக் குண்டர் சட்டத்திலேயே வீடியோ பைரசிக்காரர்களைச் சேர்த்தார்கள். ஆனால் திருடு போனால் பொருள் கையில் இருக்காது. இங்கே மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நகல்தான் பெருகுகிறது.

படியெடுப்பது குற்றமும் இல்லை. ஓலைச்சுவடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்ததால்தான் சங்கப் பாட்டு நமக்குக் கிடைத்தது. குற்றத்தைச் சுட்ட ‘கள்ள’ என்ற அடை போதும்: கள்ள நோட்டு, கள்ளச் சாராயம். ‘கள்ளப்படி’ என்றால் அளவில் ஏமாற்றும் கடைக்காரர் நினைவுக்கு வந்துவிடுவார். அதனால் என் ஓட்டு ‘கள்ளப்பிரதி’க்கு.

கேமில் இன்னொரு சங்கதி உண்டு. சினிமாவைத் தியேட்டரில் கேமரா வைத்தே பிடித்துவிடலாம். கேமுக்குக் கள்ளப்பிரதியை ஓடவிடாத மென்பொருள் பூட்டு இருக்கும். அதை உடைப்பதுதான் ‘கிராக்’, அதாவது பூட்டுடைப்பு. போலிப் பதிவெண் உருவாக்கித் தரும் ‘கீஜென்’னுக்குத் தமிழில் சொல் தயாராகவே இருக்கிறது: கள்ளச்சாவி.

பூட்டு உடைந்தால் எவ்வளவு நட்டம்? 2014-இல் வந்த டெனுவோ பூட்டைப் போட்ட கணினி கேம்களை வைத்து ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருமானத்தில் சராசரியாக 20 சதவீதம் போகிறது. 12 வாரம் தாங்கிவிட்டால் இழப்பு ஏறக்குறைய இல்லை. சூடாக விற்கும் நாள்களில்தான் அடி. சில நிறுவனங்கள் பிற்பாடு பூட்டைத் தாங்களே கழற்றிவிடுவதும் இதற்குப் பொருந்தித்தான் போகிறது. அதுவரை பூட்டால் கேம் மெதுவாக ஓடுகிறது என்று புலம்புபவர்கள் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான், பாவம்.

சிறிய நிறுவனங்களின் நிலைமைக்கு 2013-இல் வந்த ‘கேம் டெவ் டைகூன்’ நல்ல சாட்சி. கேம் நிறுவனம் நடத்துவதுதான் அதில் ஆட்டமே. அதை உருவாக்கியவர்கள் வெளியீட்டு நாளன்று கள்ளப்பிரதி ஒன்றையும் தாங்களே இணையத்தில் விட்டார்கள். முதல் நாள் முடிவில் ஆடியவர்களில் 3,104 பேரிடம் கள்ளப்பிரதி, 214 பேரிடம் மட்டும் காசு கொடுத்து வாங்கியது. கள்ளப்பிரதியில் ஒரு வேலை செய்து வைத்திருந்தார்கள்: போகப் போக ஆட்டக்காரரின் நிறுவனம் எந்த கேமை விட்டாலும் பைரசியால் விற்காது, கடைசியில் திவால். ஓசியில் இறக்கி ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். பைரசியைத் தடுக்கப் பூட்டு கண்டுபிடிக்க இந்த ஆட்டத்தில் வழி உண்டா என்று ஒருவர் கேட்டே விட்டார்.