சிவப்புப் பொத்தானின் வயர் எங்கே போகிறது?

கொக்குவிலில் ஒரு வீட்டுப் பின்வளவு. முன்பு மோட்டர் சைக்கிள் நின்ற கொட்டிலில் இப்போது உலோகத்தைச் செதுக்கி வெட்டும் சின்ன மில்லிங் மெஷின் ஒன்று நிற்கிறது. கைப்பிடிகளைக் கழற்றி, மூன்று அச்சுக்கும் ஸ்டெப்பர் மோட்டர் பூட்டி, பழைய கம்ப்யூட்டரில் மாக்3 என்ற மெஷின் ஓட்டும் மென்பொருளைப் போட்டுத் தானே சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின், ஆக்கியிருந்தார் அந்தத் தம்பி. நல்ல கைவேலை, குறை சொல்ல முடியாது. மின்வேலைக்காரன் என்று என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் முதல் நாள் நடந்தது.

அலுமினியம் வெட்டிக்கொண்டிருக்கையில் கம்ப்யூட்டர் ஸ்டக் ஆகிவிட்டது. அச்சுகள் நின்றன, கட்டர் மட்டும் சுற்றியபடி. சிவப்புப் பொத்தானை அடித்தார். நிற்கவில்லை. திரும்பவும் அடித்தார். கடைசியில் சுற்றும் கட்டருக்கு மேலால் கையை நீட்டிச் சுவர்ப் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்.

“பொத்தான் பழுது போல, அண்ணை.”

பழுதில்லை. அதன் இரண்டு வயரும் கம்ப்யூட்டருக்குத்தான் போயின. அழுத்தினால் நிறுத்தச் சொல்லி விண்ணப்பம் போகும், அவ்வளவுதான். விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டியவரே மயங்கிக் கிடந்தால்? வீட்டில் மாற்றிய மெஷின்களில் நான் அடிக்கடி காண்பது இதைத்தான்.

அவசரப் பொத்தான் கரண்டையே வெட்ட வேண்டும். அழுத்தாதபோது மூடியிருக்கும் தொடுப்புள்ள பொத்தானை எடுத்து, கொன்டாக்டர் என்ற மின்காந்தச் சுவிட்சின் சுருளுக்குத் தொடராகக் கட்டுங்கள். கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டிலுக்கும், ஸ்டெப்பர் மோட்டர்களை ஓட்டும் டிரைவர்களுக்கும் அந்தக் கொன்டாக்டர் வழியாகவே கரண்ட் போகட்டும். பொத்தான் வயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால்தான் கொன்டாக்டர் பிடிக்கும் என்று கட்டினால், கரண்ட் போய்த் திரும்பி வரும்போது கட்டர் தானாகச் சுற்றத் தொடங்காது. நீங்கள் குனிந்து வைஸ் துடைத்துக்கொண்டிருக்கும் நேரமாகவும் அது இருக்கலாம். கம்ப்யூட்டருக்கு இன்னொரு தொடுப்பைக் கொடுங்கள், தகவலுக்காக மட்டும்.

கரண்டை வெட்டியதும் ஸ்பிண்டில் சிறிது நேரம் சுற்றியே ஓயும், கையை வைக்காதீர்கள். ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் கவனம். நமது 230 வோல்ட்டில் ஓடுவதன் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் மூடியில் எழுதியிருக்கும் நிமிடங்கள் கழியும்வரை திறக்கக் கூடாது.

சரி, மாற்றிக் கட்டினோம். பொத்தானை அழுத்தியதும் டிரைவர் விளக்குகள் இரண்டொரு செக்கனில் அணைந்தன. கூடவே மெஷின் தலை மெல்லக் கீழே வழுக்கி வந்தது! பழைய திருகாணி என்றால் உராய்விலேயே நின்றிருக்கும். தம்பி போட்டிருந்ததோ ‘போல் ஸ்க்ரூ’ (ball screw), குண்டுகளில் உருளும் திருகாணி; உராய்வு குறைவு, மோட்டர் பிடிக்காவிட்டால் பாரம் அதைச் சுழற்றிவிடும். எனக்கு இது முதலே நினைவில் வந்திருக்க வேண்டும். நல்லவேளை, கட்டர் பூட்டியிருக்கவில்லை.

அடுத்த கிழமை போனபோது, கார் டிக்கியைத் தாங்கும் காஸ் ஸ்பிரிங் ஒன்று அந்தத் தலையைத் தாங்கி நின்றது.