எந்த டெஸ்ட் முதலில் ஓட வேண்டும்?

மென்பொருளில் ஒரே ஒரு வரியை மாற்றினாலும் நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வேறொரு பகுதி உடையலாம். அதைப் பிடிக்கத்தான் பழைய டெஸ்ட் கேஸ்களை, அதாவது நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனைகளை, மறுபடி ஓட்டுகிறோம். இதுவே ரிக்ரஷன் டெஸ்டிங். முழுத் தொகுப்பும் ஓட ஆறு மணி நேரமாகி, பிழை கடைசி டெஸ்டில் சிக்கினால், நிரலின் கோடை (code) எழுதியவர் அதற்குள் வேறு வேலையில் மூழ்கியிருப்பார். எந்த டெஸ்டையும் நீக்காமல், வரிசையை மட்டும் மாற்றிப் பிழையைச் சீக்கிரம் பிடிப்பதே முன்னுரிமைப்படுத்தல்.

நிரலின் அதிகப் பகுதிகளைத் தொடும், அதாவது ஓட்டிப் பார்க்கும், டெஸ்டை முதலில் வைக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு நிரலில் 10 பகுதிகள். டெஸ்ட் அ 1 முதல் 6 வரை தொடுகிறது. ஆ 1 முதல் 5 வரை. இ 7, 8, 9. ஈ 1, 10. மொத்தக் கவரேஜ்படி, அதாவது தொடும் பகுதிகளின் எண்ணிக்கைப்படி, வரிசை அ, ஆ, இ, ஈ. ஆனால் அ ஓடியபின் ஆ புதிதாக எதையுமே தொடுவதில்லை. ஆகவே, ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் ‘இதுவரை தொடாததில் எவ்வளவு தொடும்?’ என்று மறுபடி எண்ண வேண்டும். அப்போது வரிசை அ, இ, ஈ, ஆ. எல்லாப் பகுதிகளும் தொடப்பட்டதும் கணக்கை அழித்துவிட்டு, மீதமுள்ள டெஸ்ட்களுக்கு முதலிலிருந்து எண்ணலாம்.

வரிசைகளை ஒப்பிட ஆய்வாளர் ரோதர்மெல் குழுவினர் 1999இல் பயன்படுத்திய ஏ.பி.எஃப்.டி (APFD) என்ற அளவு இன்றும் புழங்குகிறது. பிழைகள் எவ்வளவு சீக்கிரம் சிக்குகின்றன என்பதை அது காட்டும்; எண் பெரிதானால் வரிசை நல்லது. ஒவ்வொரு பிழையும் எத்தனையாவது டெஸ்டில் முதலில் சிக்கியது என்று கூட்டி, டெஸ்ட் எண்ணிக்கையையும் பிழை எண்ணிக்கையையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்து, 1இலிருந்து கழிக்க வேண்டும். பிறகு டெஸ்ட் எண்ணிக்கையின் இருமடங்கால் 1ஐ வகுத்துக் கூட்ட வேண்டும். பிழைகள் 2, 8, 10ஆம் பகுதிகளில் இருந்து, அவற்றைத் தொடும் டெஸ்ட்கள் எல்லாமே அவற்றைப் பிடிப்பதாக வைத்தால், முதல் வரிசைக்கு 0.46, இரண்டாவதற்கு 0.625.

இந்த அளவு எல்லா டெஸ்டும் ஒரே நேரம் எடுப்பதாகக் கருதுகிறது. நடைமுறையில் ஒன்று இரண்டு நொடி, இன்னொன்று இருபது நிமிடம். புதுக் கவரேஜை ஓடும் நேரத்தால் வகுத்து வரிசைப்படுத்துவதே சரி.

கவரேஜ் விவரம் இல்லாவிட்டால் வரலாறு கைகொடுக்கும். அண்மையில் தோற்ற டெஸ்ட்கள் மீண்டும் தோற்க வாய்ப்பு அதிகம். பைதான் மொழிக்கான டெஸ்ட் கருவியான பைடெஸ்டில் (pytest), தோற்றவற்றை முதலில் ஓட்டும் வசதி உள்ளமைந்தே இருக்கிறது. ஆனால் கோடு மாறாமலே ஒருமுறை தேறி ஒருமுறை தோற்கும் ஃபிளேக்கி டெஸ்ட்கள் இந்த முறையைக் கெடுத்துவிடும். அவையே எப்போதும் முதலிடத்தில் வந்து உட்காரும். அவற்றைத் தனியே பிரித்த பிறகே வரலாற்றை நம்ப வேண்டும். வரலாறே இல்லாத புது டெஸ்ட்களை முன்னால் வையுங்கள்.

வரிசையை மாற்றியதும் சில டெஸ்ட்கள் திடீரெனத் தோற்றால் முன்னுரிமைக் கணக்கைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும், முந்தைய டெஸ்ட் டேட்டாபேஸில் விட்டுச்சென்ற பதிவை அவை நம்பியிருக்கும். ஒவ்வொரு டெஸ்டும் தனக்கு வேண்டிய தரவைத் தானே உருவாக்கி, முடிந்ததும் அழிக்குமாறு திருத்திவிட்டு, தொகுப்பைக் குலுக்கிய வரிசையில் சில முறை ஓட்டிப் பாருங்கள்.